“படுக்கை இல்லை!”

1992ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 8ஆம் நாள். இரவு ஏழே முக்கால் மணி. மேற்கு வங்கத்தில், மதுராப்பூர் ரயில் நிலையத்தில், ஓடும் வண்டியிலிருந்து ஒருவர் தவறி விழுந்தார். மண்டையிலே பலத்த அடி; மூளைக்குள்ளே இரத்தக் கசிவு. விழுந்தவர் சீமானல்லர், சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளையுமல்லர். விவசாயத் தொழிலாளர் சங்கமொன்றின் உறுப்பினர். உழைத்தால் உண்ணலாம் என்ற நிலையிலுள்ள கோடானுகோடிப் பேரில் ஒருவர்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினர். எங்கெங்கு ஓடினர் என்பதைச் சற்றே பொறுமையுடன் கேளுங்கள், தோழர்களே!

உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினர். “இங்கே வசதி இல்லை, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்” என்றனர். இரவு பதினொன்றே முக்காலுக்குக் கல்கத்தா நகரம் வந்து, நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இறக்கினர். மருத்துவர் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தனர், “உடனே உள்ளே சேர்க்க வேண்டும்” என்று எழுதினர். எழுதிய மை உலருமுன்னே அதே கட்டடம் மறுமொழி சொல்லிற்று: “படுக்கை இல்லை!”

கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு ஓடினர். 1835இல் தோன்றிய பழம்பெரும் நிலையம் அது. நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஒத்த வயதினது. அங்கும் அதே மறுமொழி: “படுக்கை இல்லை!” இரவு ஒரு மணிக்குச் சம்புநாத் பண்டிட் மருத்துவமனை: “இதற்கான தனிப் பிரிவு இங்கே இல்லை!” இரண்டு மணிக்குக் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரி: “படுக்கை இல்லை!” பொழுது புலர்ந்தது. காலை எட்டு மணிக்குப் பாங்கூர் நரம்பியல் நிலையம். அங்கே தலையின் ஸ்கேன் படத்தைப் பார்த்தனர். மூளையிலே இரத்தக் கசிவு என்பது படத்திலே தெளிவாகத் தெரிந்தது. படம் தெரிந்தது, படுக்கை கிடைக்கவில்லை! எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்குச் சென்றனர்: “நரம்பு அறுவைக்கு இங்கே வசதி இல்லை!”

ஓர் இரவு. ஓர் உயிர். தலைநகரிலே மட்டும் ஆறு அரசு மருத்துவமனைகள். ஆறும் கைவிரித்த பின்னர், தனியார் மருத்துவமனை ஒன்று அவரை ஏற்றது. ஜூலை 9 முதல் 22 வரை அங்கே கிடந்தார், பிழைத்தார். ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவாயிற்று. 1992ஆம் ஆண்டிலே 17,000 ரூபாய்! வயலிலே குனிந்து நிமிரும் ஒருவர் எத்தனை நாள் குனிந்து நிமிர்ந்தால் அத்தொகை சேரும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்!

இது கற்பனைக் கதையன்று. இந்நாட்டின் உச்சநீதிமன்ற ஏட்டிலே பதிந்து கிடக்கும் வரலாறு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதே, இன்றைக்கு இதை எடுத்துரைப்பானேன் என்று கேட்கக்கூடும். இன்றைக்கும் நம் தோழர்கள் எத்தனை பேர், நள்ளிரவிலே ஏதோவொரு மருத்துவமனை வாயிலிலே, மூச்சுத் திணறும் தந்தையை மடியிலே கிடத்திக்கொண்டு, அந்த இரண்டே சொற்களைக் கேட்டுத் திரும்பியிருக்கின்றனர் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டு எண்ணிப் பார்க்கட்டும். அதனாலேயே எழுதுகிறோம்.

படுக்கை என்றால் என்ன?

“படுக்கை இல்லை என்றால் மருத்துவர் என்ன செய்வார்? இரும்புக் கட்டிலைச் சட்டைப் பையிலா வைத்திருக்கிறார்?” என்று கேட்கும் நடுநிலைவாதிகள் உண்டு. கேள்வி நியாயம்போலத் தோன்றும். ஆனால் அந்தக் கல்கத்தா இரவைப் பற்றி, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு என்ன கூறிற்று என்பதைப் பார்ப்போம்.

அவசரப் பிரிவிலே இடமில்லையேல், அங்குள்ள மருத்துவர் கண்காணிப்பாளரையும் துறை வல்லுநரையும் தொடர்புகொள்ள வேண்டும். அவசரமில்லாத நோயாளிகளுக்கான வார்டுகளிலிருந்து படுக்கையைக் கடனாகப் பெற்றேனும் இடம் தர வேண்டும் என்றது. எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலியாக உள்ளது என்பதை ஓரிடத்தில் அறியும் வகையில் ஒரு மத்தியப் படுக்கை நிலையம் வேண்டும் என்றது. வந்தவர் யார், எப்போது வந்தார், எங்கே அனுப்பப்பட்டார் என்பது பதிவேட்டிலே தெளிவாக எழுதப்பட வேண்டும். மருத்துவரின் கையெழுத்துப் படிக்கத்தக்கதாக, முழுப் பெயருடன் இருக்க வேண்டும் என்றது.

இவற்றிலே ஏதேனும் ஒன்று வானத்து விண்மீனைப் பறித்து வரும் காரியமா? தொலைபேசியை எடுப்பது, ஒரு வார்டிலிருந்து மறு வார்டுக்குக் கேட்பது, பெயரைப் புரியும்படி எழுதுவது. இவ்வளவுதான்! ஆறு மருத்துவமனைகளும் நோயாளியை ஊரெல்லாம் உருட்டிவிட்டனவே, அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றை அழைத்து, “உங்களிடம் இடம் உண்டா? அனுப்பலாமா?” என்று கேட்டு உறுதி செய்து அனுப்பியிருந்தால், அந்த மனிதர் விடிய விடியத் தெருவிலே அலைந்திருப்பாரா?

எனவே, “படுக்கை இல்லை” என்பது எல்லா நேரங்களிலும் கட்டிலைப் பற்றிய செய்தி அன்று. பல நேரங்களில் அது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் தந்திரம். “இவன் எங்கள் வாயிலிலே சாகாதிருக்கட்டும், வேறு வாயிலிலே சாகட்டும்” என்பதன் நாகரிகமான மொழிபெயர்ப்பு. அதனை எழுதித் தரும் துண்டுச் சீட்டுக்குப் ‘பரிந்துரை’ என்று பெயர். பரிவு அதிலே எங்கே இருக்கிறது?

நீதி பிறந்த விதம்

நடந்ததை நினைத்து அழுதுவிட்டு, “எல்லாம் என் தலைவிதி” என்று அந்தத் தொழிலாளி வயலுக்குத் திரும்பியிருந்தால், இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவருடைய சங்கம், ‘பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி’, அவரையும் சேர்த்துக்கொண்டு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1992இல் நடந்த கொடுமைக்கு 1996 மே 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எனினும் வந்த தீர்ப்பு சாதாரணத் தீர்ப்பன்று.

உயிர் காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் அளிப்பது அரசின் கடமை; அரசு மருத்துவமனை அதனைத் தரத் தவறினால், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையே மீறப்படுகிறது என்றனர் நீதிபதிகள். 25,000 ரூபாய் இழப்பீடு தரும்படி மாநில அரசைப் பணித்தனர். “பணமில்லை என்று கூறி இந்தக் கடமையிலிருந்து அரசு தப்ப இயலாது” என்ற கருத்தையும் ஐயத்துக்கிடமின்றி அறைந்தனர். மற்ற மாநிலங்களும் இதற்கேற்ப நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறினர். ஆகவே அத்தீர்ப்பு வங்கத்துக்கு மட்டும் உரியதன்று. வேலூருக்கும் விருதுநகருக்கும் உரியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! உரிமையைத் தந்தது யார்? நீதிபதிகளா? அவர்கள் எழுதினர். எழுத வைத்தது யார்? ஒரு தொழிலாளர் சங்கம்! தனி மனிதன் ஒருவனது துயரத்தை நாட்டு மக்கள் அனைவரது உரிமையாக உயர்த்திற்று, அமைப்பாகத் திரண்டோர் கொடுத்த ஒரு முறையீடு!

அதற்கு முன்னரும் ஒரு சான்று உண்டு. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் மீது கார் மோதிற்று. அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். “இது போலீஸ் வழக்கு, நாங்கள் தொடமாட்டோம், 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்” என்றனர். போகும் வழியிலேயே உயிர் போயிற்று. நாளேட்டிலே வந்த இச்செய்தியைக் கையிலெடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பார் உச்சநீதிமன்றம் சென்றார். 1989 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு: அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், உயிருக்குப் போராடுவோருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ், பதிவு, நடைமுறை எல்லாம் அதற்குப் பின்னரே! செய்தித்தாளின் ஒரு மூலையிலே கிடந்த செய்தி நாட்டின் சட்டமாயிற்று. படித்துவிட்டு “ஐயோ பாவம்” என்று மடித்து வைத்திருந்தால் ஆகியிருக்குமா?

ஊர்தி வந்தது, கதவு திறந்ததா?

மாற்றமே நிகழவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. அடிபட்டவரைத் தூக்கிவந்து சேர்ப்பவரைத் தடுத்து நிறுத்தி அலைக்கழிக்கலாகாது என்று 2016இல் உச்சநீதிமன்றம் காப்பு வழங்கிற்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்திலும் அக்காப்பு இடம்பெற்றது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நல்லனவற்றை நல்லன என்று கூறுவதிலே நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் ஊர்தி, வாயில் வரையில்தானே வரும்? வாயிலுக்கு உள்ளே நடப்பது என்ன என்பதன்றோ கேள்வி! ஊர்தியிலிருந்து இறக்கிய நோயாளியைத் தள்ளிச் செல்லச் சக்கர நாற்காலி தேடும் மகனைக் காணீரோ? அதைத் தள்ளக் கைநீட்டிக் காசு கேட்கும் கொடுமையைக் கேட்டிலீரோ? “என்ன ஆயிற்று?” என்று நடுங்கியபடி கேட்கும் தாயை, “ஓரமாய் நில்லு!” என்று விரட்டும் குரலைக் கேட்டிலீரோ? வலியால் துடிக்கும் பெண்ணைக் கேலி பேசும் வாயை அறியீரோ?

இவற்றுக்கெல்லாம் வேர் எங்கே? தனி மனிதர்களின் கெட்ட குணத்திலே மட்டுமா? அன்று. வேர், நிதிநிலை அறிக்கையிலே இருக்கிறது! 2017ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கை என்ன வாக்களித்தது? 2025ஆம் ஆண்டுக்குள் அரசின் நலவாழ்வுச் செலவை நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. அரசே வெளியிட்ட தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி 2021-22இல் எட்டிய அளவு 1.84 விழுக்காடு! பெருந்தொற்று உலகையே உலுக்கிய காலத்திலும் 1.84! அதே கணக்கின்படி, நாட்டின் மருத்துவச் செலவிலே நூற்றுக்கு 39 ரூபாய்க்கு மேல் மக்கள் தம் மடியிலிருந்தே அவிழ்த்துக் கொடுத்தனர். வாக்களித்தோர் கணக்கை முடித்துக்கொண்டனர். வாக்களிக்கப்பட்டோர் தாலியை அடகு வைத்தனர்!

யார் மீது கோபம்?

இங்கேதான் நாம் நிதானமாக எண்ண வேண்டும். அவசரப் பிரிவிலே நம் கண்ணெதிரே நிற்பவர் யார்? நாடாளுவோரா? நிதியைக் குறைத்தவரா? இல்லை. நேற்றுக் காலை பணிக்கு வந்து இன்னும் கண்மூடாத ஒரு பயிற்சி மருத்துவர். ஒருவராக நின்று பலர் வேலையைச் சுமக்கும் ஒரு செவிலியர். பயிற்சி மருத்துவருக்குத் தொடர்ச்சியான பணி நாளொன்றுக்குப் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று 1992இலேயே மத்திய அரசு ஆணையிட்டது. அதே 1992! வங்கத் தொழிலாளி தெருவிலே அலைந்த ஆண்டு! நோயாளிக்குரிய விதியும் ஏட்டிலே. மருத்துவருக்குரிய விதியும் ஏட்டிலே!

இதனை உணராதார் கையை ஓங்குகின்றனர். 2024 நவம்பர் 13ஆம் நாள், சென்னையிலே அரசு மருத்துவமனை ஒன்றினுள் பணியிலிருந்த மருத்துவரைக் கத்தியால் குத்தினர்; கைதானவர் நோயாளி ஒருவரின் மகன். அச்செயலை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ‘பாசத்தால் செய்தான்’ என்று பூசி மெழுகுவதற்கில்லை. ஓங்கிய கை யாருக்குப் பயன்பட்டது? தாய்க்கா? பக்கத்துப் படுக்கை நோயாளிக்கா? மறுநாள் புறநோயாளிப் பிரிவு வாயிலிலே காத்துக் கிடந்த கூலிக்காரர்களுக்கா? ஒருவருக்கும் இல்லை. பயன் பெற்றவர் ஒருவரே: பொறுப்பேற்க வேண்டிய ஆட்சியாளர்! வன்முறை நிகழ்ந்த மறுகணமே பேச்சு மாறிவிடுகிறது. “ஏன் மருத்துவரை நியமிக்கவில்லை?” என்ற கேள்வி மறைந்து, “எத்தனை காவலரை நிறுத்துவது?” என்ற கேள்வி எழுகிறது. அடி வாங்கியவரும் ஏழைவீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், அடித்தவரும் ஏழை. மேலிருப்போர் மேலேயே இருக்கின்றனர்!

மற்றொன்றையும் தோழர்கள் அறிய வேண்டும். அவசரப் பிரிவிலே முன்னே வந்தவர் முன்னே பார்க்கப்படுவர் என்பது விதியன்று. மூச்சு நின்றுகொண்டிருப்பவர் சிவப்புப் பகுதிக்கு. அடுத்த நிலையினர் மஞ்சளுக்கு. பொறுத்திருக்கத் தக்கவர் பச்சைக்கு. கையெலும்பு முறிந்து ஒரு மணி நேரமாகக் காத்திருப்பவரைத் தாண்டி, இப்போது வந்தவரை உள்ளே அழைத்தால், அது அநீதியன்று, நீதி. காத்திருப்பு எல்லாம் குற்றமாகாது. ஆனால், ஏன் காத்திருக்கிறோம் என்பதை ஒரு வார்த்தை சொல்லாதது குற்றம். வண்ணம் எதுவெனப் பார்க்காமலே விரட்டுவது குற்றம். சிவப்பிலே இருக்க வேண்டியவரைச் சீட்டெழுதித் தெருவுக்கு அனுப்புவது பெருங்குற்றம். இந்த வேறுபாட்டை அறிந்து பேசினால்தான் நம் சொல்லுக்கு மதிப்பு.

நம்மையும் சற்றே பார்ப்போம்

மற்றவரைச் சாடியது போதும். இனி நம் முதுகையும் நாம் பார்ப்போம். கசப்பாக இருக்கும், எனினும் நம் ஏட்டிலே நாம் பேசாவிடில் வேறெங்கே பேசுவது?

நள்ளிரவிலே ஒரு தோழரின் வீட்டில் ஆபத்து என்றால் நாம் செய்வது யாது? தொலைபேசியை எடுக்கிறோம். வட்டச் செயலாளரை அழைக்கிறோம். அவர் மாவட்டத்தை அழைக்கிறார். மாவட்டம் சட்டமன்ற உறுப்பினரை எழுப்புகிறது. அவர் மருத்துவமனைக்கு ஒரு சொல் சொல்கிறார். அதுவரை இல்லாதிருந்த படுக்கை, மாயமந்திரம்போல் தோன்றிவிடுகிறது! நாமும் மகிழ்கிறோம். “பார்த்தாயா, நம் கட்சியின் செல்வாக்கை!” என்று பெருமை பேசுகிறோம்.

தோழர்களே, அந்தப் படுக்கை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து இறங்கிற்றா? யாரோ ஒருவருக்கு வர வேண்டியதாக இருந்திருக்கலாம் அன்றோ? தொலைபேசியிலே அழைக்க எவருமற்ற ஒருவர், அதே வராந்தாவிலே, சுவரோரம், துண்டை விரித்துக் கிடந்திருக்கலாம் அன்றோ? உரிமையாகக் கிடைக்க வேண்டியதைச் சலுகையாகப் பெறும்போது, நாம் அந்த அமைப்பை எதிர்க்கவில்லை; அதற்கு எண்ணெய் வார்க்கிறோம். சிபாரிசுக்கு மடங்கும் கதவு, சிபாரிசில்லாதவனுக்கு மேலும் இறுகி மூடிக்கொள்ளும். பொதுவுடைமையும் சமூகநீதியும் மேடையிலே பேசிவிட்டு, மருத்துவமனை வாயிலிலே தனிச்சலுகை கேட்பது பொருந்துமா?

அழைக்காதீர் என்று கூறவில்லை. உயிர் ஊசலாடும்போது தத்துவம் பேசிக்கொண்டு நிற்பவன் மனிதனல்லன். அழையுங்கள், காப்பாற்றுங்கள். ஆனால், காப்பாற்றிய பின்னர் மறந்துவிடாதீர்கள். ஒரு சொல்லுக்குப் பின்னர் கிடைத்த படுக்கை, அச்சொல்லுக்கு முன்னர் ஏன் கிடைக்கவில்லை என்று மறுநாள் காலை எழுத்திலே கேளுங்கள். செல்வாக்கால் வென்ற இடத்திலே முறையீடு ஒன்றை விட்டு வாருங்கள். அடுத்து வருகிறவனுக்கு அது படுக்கையாகும்.

முறையீடு என்னும் படைக்கலன்

“புகார் எழுதினால் என்ன ஆகிவிடும்? குப்பைக்கூடைக்குப் போகும்” என்பர் சலிப்படைந்தோர். குப்பைக்கூடைக்குப் போவது எது? தேதியில்லாத, பெயரில்லாத, “எல்லோரும் மோசம்” என்று வசைபாடும் காகிதம். அது போகட்டும். நாம் எழுத வேண்டுவது வேறு.

வந்த நேரம், பார்த்த நேரம், மறுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். என்ன சொல்லி மறுத்தனர் என்பதை, சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். நுழைவுச் சீட்டையும், வேறிடம் அனுப்பிய துண்டுச் சீட்டையும் கிழித்தெறியாதீர், அதுவே சான்று. விபத்தாயின் விபத்துப் பதிவேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி, கேளுங்கள். முதலில் நிலைய மருத்துவ அலுவலரிடமும், கண்காணிப்பாளரிடமும் அல்லது டீனிடமும் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். ஒப்புகை மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நடவடிக்கை என்ன என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்; 30 நாளில் விடை தந்தாக வேண்டும். மருத்துவரின் ஒழுக்கக்கேடாயின் மாநில மருத்துவக் கவுன்சில் உண்டு. ஆறு திங்களில் முடிவு காண வேண்டும் என்பது விதி. மனித உரிமை ஆணையமும் உண்டு. ஆனால் நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்தால் அது விசாரிக்க இயலாது. ஆறப்போட்டால் உரிமையும் ஆறிப்போகும்!

இவ்வழிகளிலும் முட்கள் உண்டு என்பதை மறைப்பானேன்? 1995இல் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது உச்சநீதிமன்றம். வரவேற்றோம். ஆனால், எவரிடமும் கட்டணம் வாங்காது அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அச்சட்டத்துக்குள் வாராது என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. பொருள் என்ன? காசு கொடுத்தவன் நுகர்வோன்; அவனுக்கு ஒரு மன்றம் உண்டு. காசில்லாதவனுக்கு அந்த மன்றத்தின் கதவு இல்லை! தீப்பெட்டிக்கும் அவன் கட்டிய வரியிலேதானே அம்மருத்துவமனை எழுந்தது? அவனா இலவசம் பெறுகிறவன்? 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமோ, மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவருக்கு மேல்முறையீட்டு உரிமையைச் சொல்லிற்று. பாதிக்கப்பட்ட நோயாளியைப் பற்றி அப்பிரிவிலே ஒரு சொல்லும் இல்லை. நீதியின் படிக்கட்டிலே கூட ஏழைக்கு ஒரு படி குறைவு!

ஆகவேதான் கூறுகிறோம்: தனி மனிதன் தனியே எழுதும் முறையீடு போதாது. வங்கத்துத் தொழிலாளி தனியே போகவில்லை, சங்கத்தோடு போனார். ஒவ்வொரு கிளையிலும் எழுதத் தெரிந்த தோழர் இருவர், இப்பணிக்கென முன்வரட்டும். மருத்துவமனையிலே அவமதிக்கப்பட்டவர் எக்கட்சியினராயினும், எச்சாதியினராயினும், அவர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதித் தரட்டும். நகலைக் கோப்பிலே சேர்க்கட்டும். ஒரு முறையீடு கடிதம். நூறு முறையீடு ஆவணம். ஒரே மருத்துவமனையிலிருந்து, ஒரே நள்ளிரவு நேரத்திலே, “வல்லுநர் இல்லை” என்ற ஒரே விடை நூறுமுறை எழுத்திலே வந்து நிற்குமானால், அதனை எந்த அமைச்சர் மறுக்க முடியும்? அந்தக் காகிதக் கட்டு சட்டமன்றத்திலே கேள்வியாகும், நீதிமன்றத்திலே சான்றாகும், தேர்தல் மேடையிலே முழக்கமாகும்!

அதனை மருத்துவருக்கு எதிரான ஆவணமாக எண்ணாதீர். “இரவிலே மூவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரே இருந்தார்” என்று நோயாளி எழுதித் தந்தால், அந்தப் பயிற்சி மருத்துவரின் கோரிக்கைக்கு அதைவிட வலுவான சாட்சி ஏது? நோயாளியையும் செவிலியரையும் எதிரெதிரே நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்களுக்கு, அவ்விருவரும் ஒரே பக்கம் நின்று கேட்கும் நாளே அச்சந்தரும் நாள்.

நாம் கேட்பது யாது? அவசரப் பிரிவின் வாயிலிலே, எத்தனை படுக்கை, எத்தனை காலி, பணியிலிருக்கும் மருத்துவர் யார் என்பதை எழுதிவைத்த ஒரு பலகை. அனுப்பும் இடத்தைக் கேட்டு உறுதி செய்யாமல் எவரையும் வேறிடம் அனுப்பலாகாது என்ற கண்டிப்பான ஆணை. மறுப்பவர் எவராயினும், காரணத்தையும் நேரத்தையும் எழுதி, முழுப் பெயருடன் கையெழுத்திட்டுத் தரும் கடமை. ஏழைக்கும் திறக்கும் முறையீட்டு மன்றம். வாக்களித்த 2.5 விழுக்காடு. இவற்றுள் ஒன்றும் புதிதன்று; பெரும்பாலானவை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஏடுகளிலேயே உறங்குவன. எழுப்புவதே நம் பணி.

அந்த இரவை மீண்டும் எண்ணுங்கள். ஆறு வாயில்கள், ஆறு மறுப்புகள். ஆறிலும் அந்த மனிதர் கேட்டது பிச்சை அன்று. தமக்குரியதையே கேட்டார். கிடைக்காதபோது முறையிட்டார். முறையிட்டதால், பெயரறியாக் கோடிப் பேருக்கு அதை உரிமையாக்கிச் சென்றார்.

இனி நம் வாயிலிலே எவரேனும் வந்து, “படுக்கை இல்லை என்று திருப்பிவிட்டார்கள்” என்று கண்ணீர் விட்டால், ஆறுதல் கூறுவதோடு நின்றுவிடாதீர், தோழர்களே! உட்கார வையுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பின்னர்த் தாளை எடுங்கள். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டு, எழுதத் தொடங்குங்கள்!